நடந்து யோசிப்போம்: பரளச்சிக் கரிசலில் புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பரளச்சிப் பக்கம் காலை ஐந்தரைக்கு ரோட்டில் தனியாக நடந்தால் எதிரே வருபவர் முதலில் கேட்பது, "என்ன, எங்கிட்டுக் கிளம்பிட்டீக?" என்பதுதான். "சும்மா, நடக்கத்தான்" என்று சொல்லிப் பாருங்கள். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சர்க்கரை எவ்வளவு இருக்கு?" என்பார். நம்மூரில் வேலையில்லாமல் நடப்பவர்கள் இரண்டே வகை. ஒருவர் பஸ்ஸைத் தவறவிட்டவர், இன்னொருவர் டாக்டர் சொல்லி நடப்பவர்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. யோசிப்பதற்காக நடப்பவர்கள். நாம் சேரப்போவது அந்தக் கூட்டத்தில். பரீட்சைக்குப் படிப்பவர், கடை வைத்திருப்பவர், பாடம் நடத்தும் ஆசிரியர், பாதியில் நின்றுபோன கதையை வைத்துக்கொண்டு முழிப்பவர், மல்லி மூட்டையை என்ன விலைக்குத் தள்ளுவது என்று தெரியாமல் இருப்பவர் என யாராக இருந்தாலும் வரலாம். முன்னனுபவம் வேண்டாம். நான்கு வாரம் ஒதுக்கினால் போதும். வாரம் வாரமாகச் சேர்ந்தே போவோம்.

நடந்தால் மூளைக்கு என்ன ஆகிறது?

நம் உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதற்கு ரத்தம் வேண்டும், ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜன் வேண்டும். நடக்கத் தொடங்கினால் இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது, மந்தம் விலகுகிறது. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவருக்கும், கால் மணி நேரம் காலாற நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கருவியும் இல்லாமலே கண்டுகொள்ளலாம்.

நீண்ட நாள் பலனும் உண்டு. அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து ஓர் ஆண்டு நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. பாதிப் பேர் வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்தார்கள். மீதிப் பேர் கை கால் நீட்டி மடக்கும் லேசான பயிற்சி மட்டும் செய்தார்கள். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி, நடந்தவர்களுக்கு 2 சதவீதம் அளவு வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்குச் சற்றுச் சுருங்கியிருந்தது. வயதானால் சுருங்கத்தான் செய்யும் என்று நாம் நினைத்திருந்த இடம் அது.

இந்தக் கட்டுரைக்கு நேராகப் பொருந்துவது இன்னொரு ஆய்வு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மேரிலி ஒப்பெஸ்ஸோ, டேனியல் ஸ்வார்ட்ஸ் இருவரும் 2014இல் வெளியிட்டது. ஒரு பொருளைச் சொல்லி, அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். உட்கார்ந்திருந்தபோது சொன்னதைவிட நடந்தபோது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடுதலாக வந்தன. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த வேகம் தங்கியது.

அதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. சிலரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, மற்றவர்கள் நடந்த அதே வெளிப்பாதையில் தள்ளிக்கொண்டு போனார்கள். அதே காற்று, அதே காட்சி. ஆனாலும் முந்தியது நடந்தவர்கள்தான். பைக்கில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தால் மூளை தெளிந்துவிடும் என்று சொல்லும் தம்பிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். காற்று வாங்கினால் மட்டும் போதாது, கால் அசைய வேண்டும்.

அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. ஒரே ஒரு சரியான விடை உள்ள புதிரைக் கொடுத்தபோது நடந்தவர்கள் கொஞ்சம் சறுக்கினார்கள். ஆகவே யோசனை பெருக நடப்போம். பெருகியதில் எது தேறும் என்று பார்ப்பதை உட்கார்ந்து செய்வோம். நம் நான்கு வாரத் திட்டம் முழுக்க இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர்

இதற்கு ஸ்டான்ஃபோர்ட் வரை போயிருக்க வேண்டாம், திருச்சுழி வரை போனால் போதும். 1879 டிசம்பர் 30 அன்று அங்கே பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி ஆனார். சிறுவனாக இருந்தபோது புத்தகத்தைவிட விளையாட்டில்தான் ஆர்வம். கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் எல்லாம் உண்டு. 1896இல் மதுரையிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பித் திருவண்ணாமலை சேர்ந்தவர், அதன் பிறகு அந்த மலையைவிட்டு அகலவில்லை. மலையை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அவர் அதை மெதுவாக, அங்கங்கே தங்கித் தங்கி நடப்பது வழக்கம்.

அவர் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில் சில நாள் பாட்டு வரிகள் தாமாகவே மனத்தில் எழுந்துகொண்டிருந்தன. அப்படி ஒரு நாள் கிரிவலம் கிளம்பியபோது, உடனிருந்த அன்பர் ஒருவர், கூடப் போகும் பழனிசுவாமியிடம் தாளையும் பென்சிலையும் கொடுத்து அனுப்பினார். அன்று மலை சுற்றிக் குகைக்குத் திரும்புவதற்குள் அருணாசல அஷ்டகத்தின் எட்டுப் பாடல்களில் ஆறு எழுதி முடிந்துவிட்டன. மீதி இரண்டும் பிறகு எழுதப்பட்டன. அவர் பாடிய அட்சர மணமாலையிலும் ஒரு பகுதி மலை சுற்றும்போது பிறந்ததுதான்.

அவருக்குள் நடந்ததை நம் நடையோடு ஒப்பிடும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் அந்த நாளின் ஏற்பாட்டை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மெதுவான நடை, தெரிந்த பாதை, கையெட்டும் தூரத்தில் தாளும் பென்சிலும், மிச்ச வேலை திரும்பி வந்த பிறகு. தாளும் பென்சிலும் கொடுத்து அனுப்பத் தோன்றிய அந்த அன்பரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்?

முதலில் செருப்பு. நம் காட்டில் இதுதான் முதல் செலவு, முதல் பாதுகாப்பும் இதுதான். வேலிக்கருவை முள் சாதாரண ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு நேராகக் குதிகாலுக்கு வந்துவிடும். முள்ளுக்கு நல்லது டயர் செருப்பு, ஆனால் கனம் அதிகம், அரை மணிக்கு மேல் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும். கேன்வாஸ் ஷூ 400 முதல் 700 ரூபாய்க்குள் அருப்புக்கோட்டைக் கடைகளில் பார்க்கலாம். ஸ்போர்ட்ஸ் ஷூ என்றால் 1,000 முதல் 1,500 வரை ஆகலாம். சாயங்காலம் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்ற கால் அப்போது சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுக்குப் பொருந்துவதுதான் சரியான ஷூ. தள்ளுபடி என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, முதல் வாரமே கொப்புளத்தோடு வீட்டில் உட்கார்ந்த அனுபவம் எனக்கு உண்டு.

சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு, 10 அல்லது 20 ரூபாய். பென்சில் 5 ரூபாய். பேனா வேண்டாம். வியர்த்த கையில் மை இழுகும், நின்றுகொண்டு எழுதும்போது பாதியில் மக்கர் பண்ணும். இருட்டில் கிளம்புபவருக்கு டார்ச் லைட், 150 முதல் 250 ரூபாய். தொப்பி அல்லது துண்டு, வீட்டில் இருப்பதே போதும்.

கெட்டியான செருப்பும் டார்ச்சும் ஏற்கெனவே இருந்தால் மொத்தச் செலவு 30 ரூபாய்க்குள் முடிந்துவிடும். எல்லாம் புதிதாக வாங்கினாலும் 2,000 ரூபாயைத் தாண்டாது. கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்சை இப்போது வாங்க வேண்டாம். தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வது, 1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பரவிய எண். நாம் அடியை எண்ணப்போவதில்லை. அதை எண்ணிக்கொண்டிருந்தால் வேறு எதை யோசிப்பது?

எங்கே, எப்போது?

யோசிப்பதற்கு நடக்கும் பாதை சலிப்பூட்டுவதாக இருக்க வேண்டும். புதுப் பாதை என்றால் கண்ணும் காதும் அதிலேயே போய்விடும். நூறு முறை நடந்த பாதையில் கால் தன் போக்கில் போகும், மனசுக்கு வேலை இருக்காது. வேலையில்லாத மனசுதான் நமக்கு வேண்டும்.

கண்மாய்க்கரை நல்ல இடம். கரை மேல் நடந்தால் ஒரு பக்கம் தண்ணீர் (அல்லது வெடித்த களிமண்), ஒரு பக்கம் வெள்ளாமை, திருப்பம் அதிகம் இல்லை, வண்டித் தொல்லை இல்லை. கரையில் கருவை அடைத்துக் கிடந்தால் காட்டுக்குப் போகும் வண்டிப்பாதை. அதுவும் இல்லையென்றால் அனுமதி கேட்டுப் பள்ளிக்கூட மைதானம். மெயின் ரோடு கடைசிப் பட்சம்தான். அப்படி நடப்பதானால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும்.

போய்த் திரும்பும் பாதையைவிடச் சுற்றி வரும் பாதை மேல். டார்வின் இங்கிலாந்தில் தன் வீட்டுக்குப் பின்னால் மணல் பாதை ஒன்று போட்டு, தினமும் சுற்றிச் சுற்றி நடந்தே யோசித்தார். எத்தனை சுற்று என்று மனக்கணக்கு வைக்காமல், ஓரத்தில் கற்களை அடுக்கிவைத்து, ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கல்லைத் தட்டிவிடுவாராம். நமக்குப் பனங்கொட்டை இருக்கிறது. கரையோரம் நான்கு கொட்டையை வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாகத் தள்ளிவிட்டால் மணி பார்க்கக்கூடத் தேவையில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, சித்திரை வைகாசியில் ஐந்தேகாலுக்குக் கிளம்பி ஆறரைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஏழு மணிக்கு மேல் ஏறும் வெயிலில் யோசனை வராது, தலைவலிதான் வரும். மார்கழி, தை மாதங்களில் ஏழு மணி வரைகூட நடக்கலாம். காலையில் முடியாதவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு போகலாம், ஆடிக் காற்றில் மட்டும் சாயங்காலம் கண்ணில் புழுதி அடிக்கும். எந்த நேரம் உயர்ந்தது என்று ரொம்ப ஆராய வேண்டாம். தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும்.

முதல் வாரம்: சும்மா நடப்போம்

வாரம் ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். கேள்வி எதுவும் எடுத்துப்போக வேண்டாம். நோட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

வேகத்தை வாயால் அளக்கலாம். கூட வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். பேச்சே திணறினால் குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடும்போது மனம் மூச்சை மட்டும்தான் கவனிக்கும்.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டுப் பையில் வைத்துவிடலாம். தனியாக நடக்கும் பெண்களும், வீட்டில் முடியாதவர்கள் இருப்பவர்களும் அழைப்பை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். காதில் பாட்டு வேண்டாம். முதல் மூன்று நாள் கை பரபரக்கும், நான்காம் நாள் அடங்கிவிடும்.

முதல் வாரம் பெரிதாக எதுவும் தோன்றாது. பழைய சண்டைகள், கொடுக்க வேண்டிய கடன், கல்யாண வீட்டில் மச்சான் சொன்ன ஒரு வார்த்தை, இவைதான் வரும். வரட்டும். கிணறு தூர்வாரும்போது முதலில் சேறுதானே மேலே வரும்.

இரண்டாம் வாரம்: ஒரு கேள்வியோடு

இப்போது 30 நிமிடம். கிளம்பும் முன் திண்ணையிலோ வாசல்படியிலோ உட்கார்ந்து, நோட்டில் ஒரே ஒரு கேள்வியை எழுதுவோம். ஒன்றே ஒன்று. நடை பலன் தருகிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

"என் வாழ்க்கை எப்போது உருப்படும்?" என்று எழுதினால் நடை முழுக்கப் புலம்பலாகவே முடியும். "குரூப் 4 பாஸ் பண்ணுவேனா?" என்பதற்கு ஆமாம், இல்லை தவிர வேறு பதில் கிடையாது. கேள்வி சின்னதாக, பல பதிலுக்கு இடம் தருவதாக இருக்க வேண்டும். "எத்தனை விதமாக", "வேறு எப்படி" என்று தொடங்கினால் நல்லது.

ஓர் உதாரணத்தோடு போவோம். மாசி மாதம், மல்லி அடித்துத் தூற்றி வீட்டில் நான்கு மூட்டை கிடக்கிறது. வியாபாரி கேட்கும் விலைக்குக் கொடுக்க மனமில்லை. கேள்வி: "இந்த நாலு மூட்டை மல்லியை எத்தனை விதமாகக் காசாக்கலாம்?"

நடக்கத் தொடங்கியதும் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே போக வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் அதை மறந்துவிடுங்கள். கொக்கு பாருங்கள், யார் காட்டில் உழவு ஓடுகிறது என்று பாருங்கள். பிறகு கேள்வியை மெதுவாக ஒரு முறை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். மறுபடி விட்டுவிடுங்கள். அரைத்துப் பொடியாகக் கால் கிலோப் பாக்கெட்டில் விற்கலாமா? இரண்டு மூட்டையை விற்று இரண்டை வைத்திருக்கலாமா? அடுத்த விதைப்புக்கு விதையாகக் கேட்பவர்கள் உண்டா? சென்னையில் இருக்கும் மருமகன் அவர்களுடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் நாற்பது வீட்டுக்குச் சொல்ல முடியுமா? சித்தப்பாவின் மிளகாய் வற்றலையும் சேர்த்துக் குழம்புப் பொடியாகவே போட்டால்?

கிறுக்குத்தனமான யோசனையும் வரும். அதை விரட்டாதீர்கள். நடக்கும்போது எதையும் மறுக்கக்கூடாது என்பதை இந்த வாரத்தின் ஒரே சட்டமாக வைத்துக்கொள்வோம். மறுப்பதற்கு வீட்டில் நாற்காலி இருக்கிறது, மறுப்பதற்கென்றே ஆட்களும் இருப்பார்கள்.

தோன்றியதும் நின்று, இரண்டே வார்த்தை குறித்துவிட்டு நடங்கள். "பொடி – பாக்கெட்", "மருமகன் – 40 வீடு". இந்த விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. நடையில் வருவது வாய்க்கால் தண்ணீர் மாதிரி, மடை கட்டாவிட்டால் அடுத்த வயலுக்குப் போய்விடும். ஹாமில்டன் என்ற அயர்லாந்துக் கணித அறிஞர் 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய்க் கரையோரம் மனைவியோடு நடந்துகொண்டிருந்தார். பல வருடமாகப் பிடிகொடுக்காத ஒரு கணக்கு அப்போது பளிச்சென்று விடுபட்டது. அங்கேயே பாக்கெட் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அதுவும் போதாமல், வழியில் இருந்த பாலத்துக் கல்லில் கத்தியால் சூத்திரத்தைச் செதுக்கியும் வைத்தார். நம் கலுங்குக் கல்லில் யாரும் செதுக்க வேண்டாம், நோட்டுப் போதும்.

எழுத வராதவர்கள், கண் மங்கியவர்கள், போனில் குரல் பதிவு செய்துகொள்ளலாம்.

மூன்றாம் வாரம்: வந்ததும் உட்கார்வோம்

நடை 40 நிமிடமாகிறது. வாரம் நான்கு நாள் நடந்தாலே 160 நிமிடம். வயதுவந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவுக்குள் வந்துவிடுகிறோம். அந்த வகையில் டாக்டரும் நம்மைக் குறை சொல்ல முடியாது.

புதிதாகச் சேர்வது திரும்பி வந்த பிறகான கால் மணி நேரம். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, ஒரு செம்பு நீராகாரமோ மோரோ குடித்துவிட்டு நேரே நோட்டோடு உட்கார வேண்டும். பேப்பர் பார்க்கக்கூடாது, வாட்ஸ்அப் திறக்கக்கூடாது. நடையின் சூடு ஆறுவதற்குள் குறித்த இரண்டு இரண்டு வார்த்தைகளை முழு வாக்கியமாக விரித்து எழுதுவோம்.

அதன் பிறகுதான் கணக்குப் பார்க்கும் புத்தியைக் கூப்பிட வேண்டும். மல்லிக்கே திரும்புவோம். அரைவைக் கூலி எவ்வளவு? பாக்கெட் கவர், தூக்குக் கூலி, பஸ் லக்கேஜ் எவ்வளவு? நாற்பது வீட்டில் எத்தனை வீடு உண்மையில் வாங்கும்? ஏழு யோசனையில் ஐந்து இங்கேயே விழும். விழட்டும். மிஞ்சிய இரண்டில் ஒன்றுக்கு இன்றே செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையை எழுதிக்கொள்வோம், "மருமகனுக்குப் போன், சாயங்காலம்" என்பதுபோல.

பரீட்சைக்குப் படிப்பவர்கள் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். முதலில் அரை மணி படிப்பு, பிறகு நடை. நடக்கும்போது படித்ததைப் பக்கத்தில் வரும் தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது. எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்தை மட்டும் குறித்துவந்து புத்தகத்தில் திறப்பது. கணக்குப் போடுவதற்கும், நான்கு விடையில் ஒன்றைத் தேர்வதற்கும் நடை உதவாது. அதற்கு மேஜைதான்.

நான்காம் வாரம்: நம் வழக்கமாக்குவோம்

இந்த வாரம் நான் எதையும் கூட்டச் சொல்லமாட்டேன். மூன்று வாரக் குறிப்பையும் புரட்டிப் பார்த்து, எந்த நேரத்தில், எந்த இடத்தில் நல்லது வந்தது என்று கவனித்தால் போதும். எனக்குத் திரும்பி வரும் வழியில், கடைசிப் பத்து நிமிடத்தில்தான் வரும். சிலருக்கு முதல் சுற்றிலேயே கொட்டிவிடும். உங்களுடையது எது என்று தெரிந்துவிட்டால் நடையைச் சுருக்கவும் நீட்டவும் தைரியம் வந்துவிடும்.

துணையோடு நடக்கலாமா என்று கேட்பார்கள். அரசியல் பேசுபவர் வேண்டாம். அவர் நல்லவராகவே இருந்தாலும் வேண்டாம். பேசாமல் கூட வருபவர் கிடைத்தால் விடாதீர்கள்.

காட்டு வேலை செய்கிறவர்களுக்கு

"நாங்க நாள் பூரா வெயில்ல களை வெட்டுறோம், எங்களுக்கு எதுக்கு நடை?" என்று மதினிமார் கேட்டால் அது நியாயமான கேள்வி. உடம்புக்கு வேண்டியது அவர்களுக்கு வேலையிலேயே கிடைத்துவிடுகிறது. களைத்த உடம்பில் யோசனை ஊறாது என்பதால், வேலை முடிந்தபின் இன்னொரு 40 நிமிடம் நடக்கச் சொல்வது அநியாயம். அவர்களுக்கு நான் சொல்வது, காலையில் காட்டுக்குப் போகும் நடையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அந்த நேரத்தில் உடம்பு புதிது. ஒரு கேள்வியை அதில் வைத்துக்கொள்ளலாம். ஆடு மேய்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், அவர்கள் எல்லாருக்கும் முன்னால் இதைச் செய்துகொண்டிருப்பவர்கள்.

தனியாக நடக்கத் தயங்கும் பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, தெருவிளக்கு உள்ள பாதையில், விடிந்த பிறகு கிளம்பலாம். அதுவும் முடியாத நாளில் மொட்டை மாடி இருக்கிறது. வெற்றுச் சுவரைப் பார்த்து நடந்தவர்களுக்கே பலன் கிடைத்தது என்று மேலே பார்த்தோமே.

கவனம்

பாம்புதான் முதல் கவனம். இருட்டில் டார்ச் இல்லாமல் கண்மாய்க்கரைக்குப் போகவே கூடாது. புல் மண்டிய இடத்தில் கால் வைக்கக் கூடாது. கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அதிகம் அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மந்திரிப்பவரைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பையில் இரண்டு மிட்டாயோ கருப்பட்டித் துண்டோ வைத்திருங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். இதய நோய் உள்ளவர்களும், மூட்டு வலி அதிகம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், மூச்சு முட்டினால் நடையை அங்கேயே நிறுத்துங்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்றுவிடுங்கள். நிற்பவனை அது பெரும்பாலும் குரைத்துவிட்டு விட்டுவிடும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போக வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் நம் கரிசல் வேறு முகம் காட்டும். மழை விழுந்த மறுநாள் காட்டுப் பாதையில் இறங்கினால் ஒவ்வொரு செருப்பிலும் ஒரு கிலோ மண் ஒட்டிக்கொள்ளும், பத்தடிக்கு ஒரு தரம் நின்று வழித்துப் போட வேண்டும். அந்த நாட்களில் ஊருக்குள் சிமெண்ட் ரோடு, இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடை. இரண்டு நாள் விட்டுப்போனால் கணக்குத் தீர்க்க மூன்றாம் நாள் இரண்டு மடங்கு நடக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம்.

மாதம் முடிந்ததும் ஒரு நீண்ட நடை

நான்கு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் பெரிய கேள்வி ஒன்றை நோட்டில் எழுதிக்கொண்டு திருச்சுழிக்குக் கிளம்புவோம். முழுத் தூரமும் வேண்டாம். ஊருக்கு நான்கைந்து கிலோமீட்டர் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, மீதியை நடப்போம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். அரை லிட்டர் தண்ணீர், தொப்பி, நோட்டு, பென்சில். வெயில் ஏறும் முன் போய்விட வேண்டும் என்பதால் முதல் பஸ்ஸுக்கே போவது நல்லது. நேரத்தை முந்தின நாளே டீக்கடையில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே திருமேனிநாதர் கோயிலும், ரமணர் பிறந்த வீடான சுந்தர மந்திரமும் இருக்கின்றன. மத்தியானம் கோயில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் போனதும் மண்டபத்தில் ஒரு தூணோரம் சாய்ந்து, முதலில் அந்தக் கால் மணி நேர எழுத்தை முடித்துவிடுங்கள். சாமி கும்பிடுவது, குண்டாற்று மணலைப் பார்ப்பது, காப்பி குடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்தே வரலாம்.